சொல்லால் மூடும் இருள்

ஆங்கிலத்தில் ‘ஆப்ஃபஸ்கேட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. கடைத்தெருவில் வழங்கும் சொல் அன்று. ஆயினும் நீதிமன்ற வாதங்களிலும், அரசியல் விவாதங்களிலும், நூல் மதிப்புரைகளிலும் அடிக்கடி காணப்படும் சொல். இலத்தீன் மொழியில் ‘ஃபஸ்கஸ்’ என்பது கருமை கலந்த மங்கிய நிறத்தைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த இவ்வினைக்கு ‘இருளச் செய்தல்’ என்பதே நேர்ப்பொருள். 16ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துள் புகுந்தது. இன்று விளக்கை அணைப்பதையோ, வானம் இருள்வதையோ குறிக்க எவரும் இச்சொல்லை ஆள்வதில்லை. தெளிவாகச் சொல்லத்தக்க ஒன்றை வேண்டுமென்றே தெளிவின்றிச் சொல்லி, கேட்பவரின் அறிவை இருளில் நிறுத்துவதே இன்று இதன் பொருள். புற இருளைக் குறித்த சொல் காலப்போக்கில் அக இருளைக் குறிக்கலாயிற்று.

இச்சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஆராயப் புகுந்தால், மொழிபெயர்ப்பு வினா விரைவிலேயே அறவினாவாக மாறிவிடுகிறது. பொய் சொல்பவன் உள்ளதை இல்லை என்கிறான்; அல்லது இல்லாததை உண்டு என்கிறான். இருளாக்குபவனோ இவ்விரண்டையும் செய்வதில்லை. அவன் கூறிய ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே எடுத்து நோக்கினால் அதில் பொய் காண இயலாது. எனினும் கேட்டவர் உண்மையை அறியாமலே எழுந்து போகிறார். இவன் வாய்மை விரதத்தைக் காத்தவனா, மீறியவனா? பொய்யாமையை ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்டொழுகும் நமக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று.

தமிழில் இச்சொல்

தமிழ் இவ்வினையைப் பல சொற்களால் பல கோணங்களில் காண்கிறது. ஒரு செய்தி வெளிவராதபடி அமுக்கிவிடுவதை ‘இருட்டடிப்பு’ என்கிறோம். கேட்ட கேள்விக்கு நேர்விடை தராது நழுவுவதை ‘மழுப்பல்’ என்கிறோம். மழுங்குதல் கூர்மை கெடுதலாகும். மழுப்புகிறவன் கேள்வியின் கூர்மையைக் கெடுத்துவிடுகிறான். குற்றத்தின் மேல் இன்சொற்களைத் தடவி வெளித்தெரியாமற் செய்வது ‘பூசி மெழுகுதல்’. விரிசல் விட்ட சுவரைப் பழுது பார்க்காமல் மேலே மட்டும் பூசிவிடும் செயலை இத்தொடர் கண்முன் நிறுத்துகிறது. நேராகச் செல்ல வேண்டிய பேச்சை ஊரெல்லாம் சுற்றவைப்பது ‘சுற்றி வளைத்தல்’.

இவற்றுள் எதுவும் அவ்வாங்கில வினைக்கு முழுப்பொருத்தமாக அமையவில்லை. இருட்டடிப்பில் பேச்சே இல்லை. ஆப்ஃபஸ்கேட் என்பதிலோ பேச்சு மிகுதியாக உண்டு. மழுப்பலில் அச்சமும் தடுமாற்றமும் தோன்றும்; ஆங்கிலச் சொல்லில் திட்டமிட்ட திறமை தோன்றும். பூசி மெழுகுதல் குற்றத்தை மறைக்கும் இடத்துக்கே பெரிதும் உரியது.

மிக அணுக்கமான சொல்லைத் தந்தவர் நம் பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய அச்சமண முனிவர், நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்துக் கூறுமிடத்து ‘மயங்க வைத்தல்’ என்பதை ஒரு குற்றமாக வைத்தார். நூலின் அழகுகள் பத்தினுள் ‘விளங்க வைத்தல்’ என்பதை ஓர் அழகாக வைத்தார். பொருள் இதுவோ அதுவோ எனக் கற்பவர் மயங்கும்படி எழுதுவது குற்றம். ஐயமின்றி விளங்கும்படி எழுதுவது அழகு. நூல் எழுதுவோருக்கு வகுத்த இவ்விலக்கணம் நா அசைப்போர் அனைவருக்கும் பொருந்துவதே. எனவே ‘மயங்க வைத்தல்’ என்பதையே இவ்வாங்கில வினைக்கு ஏற்ற தமிழாகக் கொள்ளலாம். ‘வைத்தல்’ என்னும் துணைவினை, அம்மயக்கம் தானாக நேர்ந்ததன்று, ஒருவர் செய்ய நேர்ந்தது என்பதையும் உணர்த்திவிடுகிறது.

ஆவரணம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் இருள் தொடர்பான வேறொரு வினையும் உண்டு. ‘அப்ஸ்க்யூர்’ என்பது அது. சைன நூல்களை ஆங்கிலத்தில் படித்தோர் இச்சொல்லை நன்கறிவர். எண்வினைகளுள் முதலாவதாகிய ஞானாவரணீயத்தை, அறிவை ‘அப்ஸ்க்யூர்’ செய்யும் வினை என்றே பல மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியுள்ளனர். 1920இல் வெளிவந்த ஜே. எல். ஜைனி அவர்களின் தத்துவார்த்த சூத்திர மொழிபெயர்ப்பும், 1960இல் வெளிவந்த எஸ். ஏ. ஜெயின் அவர்களின் சர்வார்த்தசித்தி மொழிபெயர்ப்பும் இவ்வழி நின்றன. அவர்களுக்கு முன்னர், 1895இல் உத்தராத்தியயன சூத்திரத்தை மொழிபெயர்த்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாகோபி, நல்லறிவுக்குத் தடையாக நிற்பது என்று விளக்கினார். 1994இல் தத்துவார்த்த சூத்திரத்தை மீண்டும் மொழிபெயர்த்த நத்மல் டாட்டியா அவர்கள், அறிவை ‘மூடும்’ வினை என்று நேராக எழுதினார்.

தடுத்தல், இருளாக்கல், மூடுதல் என்னும் இம்மூன்றும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. தடை என்றால் அறிவு வெளியிலிருந்து வரவேண்டிய பொருள், அது வழியில் நிறுத்தப்படுகிறது என்ற எண்ணம் எழும். இருளாக்கல் என்றால் விளக்கே அணைந்துபோயிற்றோ என்று ஐயம் எழும். மூடுதல் என்றாலோ உள்ளே ஒளி குன்றாமல் இருக்கிறது, மேலே ஒன்று கிடக்கிறது, அதை நீக்கினால் போதும் என்பது விளங்கும். ஆவரணம் என்னும் வடசொல்லின் பொருளும் மூடுதலே. ‘அப்ஸ்க்யூர்’ என்னும் சொல்லின் இலத்தீன் மூலத்தையும் மேலே போர்த்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்ததாகவே சொல்லாய்வாளர் கொள்வர். ஆகவே அச்சொல்லைத் தெரிந்தெடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் ஆவரணத்தின் மூலப்பொருளுக்கு அருகிலேயே நின்றனர் எனலாம்.

நம் ஆசிரியர்கள் எண்வினைகளுக்கும் எட்டு உவமைகள் கூறினர். தரிசனாவரணீயம் வாயிற்காவலனைப் போன்றது. மோகனீயம் கள்ளைப் போன்றது. நாமவினை ஓவியனைப் போன்றது. ஞானாவரணீயத்துக்கு அவர்கள் கூறிய உவமை திரைச்சீலை. திருவுருவத்தின் முன் திரை தொங்குகிறது. அதனால் திருவுருவம் அழிந்துவிடவில்லை. அதன் அழகும் குறையவில்லை. காண்பவர்க்குத் தோன்றவில்லை, அவ்வளவே. கதிரவனை மேகம் மறைக்கும் உவமையையும் நூல்கள் கூறும். எவ்வளவு கருமேகம் சூழ்ந்தாலும் அது பகல் என்று அறியும் அளவுக்கேனும் ஒளி கசியும். அவ்வாறே மிகமிகத் தாழ்ந்த நிகோத உயிரிடத்தும் அறிவின் நுண்ணிய ஒரு கூறு என்றும் மூடப்படாமல் நிற்கும் என்பது ஆகமத்துணிபு. அதுவும் மூடப்படுமாயின் உயிர் உயிராக இராது, சடப்பொருளாகிவிடும்.

இருளைப் பற்றி நம் தத்துவம் கூறும் மற்றொரு கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. வைசேடிகர் இருளை ஒளியின் இன்மை என்றனர். சைனமோ இருளையும் நிழலையும் புற்கலத்தின் பரிணாமங்கள் என்று கொண்டது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் ஒலி, நிழல், வெயில், நிலவொளி ஆகியவற்றோடு இருளையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறது. இதை இன்றைய பௌதிகத்தோடு ஒப்பிட்டு வாதிடுவது நம் நோக்கமன்று. அறத்துறையில் இக்கருத்து தரும் பயனே இங்கு வேண்டுவது. அறியாமை என்பது வெற்றிடமாயின் அதற்கு எவரும் பொறுப்பாளர் ஆகார். அது மேலே வந்து படிந்த ஒன்றாயின், எவ்வாறு படிந்தது, யாரால் படிந்தது என்னும் வினாக்கள் எழுந்தே தீரும்.

திரும்பி வரும் வினை

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இவ்வினாவுக்கு விடை தருகிறது. அறிவை மூடும் வினை உயிரிடத்து வந்து சேர்வதற்குரிய காரணங்களாக உமாசுவாமி ஆசிரியர் ஆறினைக் கூறுகிறார். மெய்யறிவு விளக்கப்படும் இடத்தில் உள்ளூரப் புழுங்குதல் பிரதோஷம். தான் அறிந்ததை அறியேன் என்று ஒளித்தல் நிஹ்னவம். கற்கத் தகுதியுடையவனுக்குப் பொறாமையால் கற்பியாது விடுதல் மாத்சர்யம். பிறர் கல்விக்கு இடையூறு செய்தல் அந்தராயம். பிறர் விளக்கும் அறிவைச் சொல்லாலும் செயலாலும் தடுத்தல் ஆஸாதனம். மெய்யறிவையே குற்றமுடையதென்று பழித்தல் உபகாதம்.

இவ்வாறையும் ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். படிக்காமல் சோம்பியிருத்தல் இங்குக் கூறப்படவில்லை. நினைவாற்றல் குறைவும் கூறப்படவில்லை. ஆறும் பிறருடைய அறிவின் குறுக்கே நிற்கும் செயல்களே. ஆனால் அவற்றின் பயனாக மூடப்படுவது செய்தவனுடைய அறிவு. பிறர் முன் திரையைத் தொங்கவிட்டவன் தன் உயிரின் மேலேயே அதைப் போர்த்திக்கொள்கிறான்.

‘ஆப்ஃபஸ்கேட்’ என்னும் வினை ஆங்கில இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றா வினை. ஒருவர் மற்றொன்றை இருளாக்குகிறார். வினை அங்கே சென்று முடிகிறது. சைன வினைக்கோட்பாட்டிலோ அது அங்கே முடிவதில்லை, எழுவாயிடமே திரும்பி வருகிறது. ஆங்கில அகராதி கூறாத இப்பொருளை நம் ஆகமம் கூறுகிறது. இதனை மறுமைக்குரிய செய்தியாக மட்டும் கொள்ளவேண்டியதில்லை. பிறரைக் குழப்புவதற்காகவே பலகாலம் பேசிப் பழகியவன், நாளடைவில் தானே எதையும் தெளிவாக எண்ண இயலாதவன் ஆகிறான். தான் எங்கே உண்மையை விட்டு விலகினான் என்பது அவனுக்கே மறந்துபோகிறது. தான் நெய்த திரைக்குப் பின்னால் தானே அகப்பட்டுக்கொள்கிறான்.

பொய்யில்லாத பொய்

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பொய்யான வாக்கியம் ஒன்றும் சொல்லாமல் பிறரை இருளில் விடுவது வாய்மைக்கு மாறாகுமா?

இதற்குத் தெளிவான விடை ஏழாம் அத்தியாயத்தில் உள்ளது. வாய்மை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் நியாசாபஹாரம் ஒன்று. பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் இதனை விளக்கும் முறை வியக்கத்தக்கது. ஒருவன் பொன் முதலியவற்றை மற்றொருவனிடம் அடைக்கலமாக வைக்கிறான். நாள் பல சென்றபின் திரும்ப வந்து கேட்கிறான். தான் வைத்த எண்ணிக்கை அவனுக்கு நினைவில்லை. உள்ளதைவிடக் குறைவாகச் சொல்லிக் கேட்கிறான். வைத்திருந்தவன் ‘அப்படியே ஆகட்டும்’ என்று உடன்பட்டு, கேட்டதை மட்டும் கொடுத்துவிடுகிறான்.

இங்கே சொல்லப்பட்ட பொய் யாது? ஒன்றும் இல்லை. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னவன் உடைமையாளனே. மற்றவன் அதை மறுக்கவில்லை, அவ்வளவே. நம் ஆசிரியர்கள் இதனைக் களவு விரதத்தின் கீழ் வைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் வாய்மை விரதத்தின் கீழ் வைத்தனர். பொருள் போனது களவின் பயன். ஆனால் அது போவதற்கு வழிசெய்தது ஓர் உடன்பாட்டுச் சொல் என்பதை அவர்கள் கண்டனர். மற்றவனுடைய மறதியாகிய இருள் முன்பே அங்கு இருந்தது. அதை நீக்கும் கடமையும் ஆற்றலும் உடையவன், அதை நீக்காமல் அதற்குள்ளேயே தன் ஆதாயத்தைத் தேடிக்கொண்டான். ஒரு வாக்கியம் மெய்யா பொய்யா என்பதோடு வாய்மை முடிந்துவிடுவதில்லை. கேட்பவர் உள்ளத்தில் அது எதை விட்டுச் செல்கிறது என்பதையும் வாய்மை கணக்கிடும்.

அடைக்கலப் பொன்னின் கதை பழையது. ஆனால் அதே செயல் நம் காலத்தில் மாபெரும் அளவில் நடந்ததுண்டு. 1950இல் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளிவந்தன. 1954 ஜனவரி 4ஆம் நாள் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் ஒன்றுகூடி, நானூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் பொதுமக்களுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டன. மக்களின் உடல்நலமே தங்களுக்கு முதன்மை என்றன. ஆராய்ச்சிக்கு உதவுவதாக உறுதியளித்தன. காரணம் இன்னதென்று இன்னும் முடிவாகவில்லை என்றன. ஆய்வுகளை நேரடியாகப் பொய் என்று சாதிப்பதைவிட, ஐயத்தை வளர்ப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஐயம் நீடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் விற்பனை நீடிக்கும் அன்றோ! 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வெளிவந்த பின்னும் அப்போக்கு உடனே ஓயவில்லை. இறுதியில் 2006இல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம், அந்நிறுவனங்கள் பல்லாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றி வந்தன என்று தீர்ப்பளித்தது. அவ்வரை நூற்றாண்டில் அவ்விருளில் புகைத்து மாண்டவர்களுக்கு அத்தீர்ப்பால் பயனில்லை.

இதில் நாம் உணரவேண்டியது, சொல்லால் செய்யும் இருள் இம்சையாகவும் முடியும் என்பதே. வாய்மையைத் தனியே நிற்கும் ஓர் அறமாக நம் ஆசிரியர்கள் கருதவில்லை. கொல்லாமை என்னும் பயிருக்கு வேலியாகவே கருதினர். வேலியில் சிறு திறப்பு விட்டால் பயிரே அழியும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மூடத்தக்கதும் உண்டு

அவ்வாறாயின் அறிந்ததையெல்லாம் எல்லோரிடமும் எப்போதும் திறந்து கொட்டிவிடுவதுதான் வாய்மையா என்று சிலர் வினவலாம். இவ்வினாவும் நியாயமானதே.

வேடன் ஒருவன் வந்து, மான் எப்பக்கம் ஓடிற்று என்று கேட்கிறான். கண்டவர் கண்டபடி சொன்னால் மான் மடியும். பிறருக்குத் துன்பம் விளைக்கும் உண்மையையும் கூறாமையே இல்லறத்தானின் வாய்மை என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துள்ளார். நியாசாபஹாரத்தைக் கூறிய அதே ஐந்து அதிசாரங்களுள் வேறிரண்டையும் பாருங்கள். பிறருடைய மறைவான செயல்களை வெளியிடுதல் ஒன்று. பிறர் முகக்குறிப்பாலும் உடற்குறிப்பாலும் அவர் உள்ளக்கருத்தை ஊகித்தறிந்து அதைப் பரப்புதல் மற்றொன்று. வாய்மை விரதத்துக்குத் திறக்கவேண்டியதை மூடுவதும் பழுது. மூடவேண்டியதைத் திறப்பதும் பழுது.

மேலும் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூஹனம் என்பது ஒன்று. அறவழியில் நிற்போரிடம் அறியாமையாலோ ஆற்றாமையாலோ நேர்ந்த குறையைப் பறைசாற்றாது மறைத்துக் காத்தல் அது. இதற்கு நேர்மாறான செயலும் நூலில் கூறப்பட்டுள்ளது. பிறரிடம் உள்ள நற்குணங்களை மூடி, தன்னிடம் இல்லாத குணங்களை வெளிக்காட்டுதல் தாழ்ந்த கோத்திர வினைக்குக் காரணமாகும். ஆங்கிலத்தில் ‘டெனிகிரேட்’ என்னும் வினை இச்செயலையே குறிக்கும். கருமை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அதுவும் ஓர் இருளாக்கும் வினையே. முகத்தில் கரி பூசுவது என்று தமிழில் வழங்கும் தொடர் இதற்கு நெருங்கிய உறவு.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், மூடுதல் என்னும் வினை தன்னளவில் நன்றோ தீதோ அன்று என்பது விளங்கும். அதன் செயப்படுபொருள் எது என்பதே அதன் அறத்தை முடிவுசெய்கிறது. பிறர் குறையை மூடினால் அது உபகூஹனம், நற்பேறு. பிறர் குணத்தை மூடினால் அது பழித்தல், தாழ்வு. பிறர் அறியவேண்டிய உண்மையை மூடினால் அது ஆவரணம், தனக்கே இருள். ஓர் உயிரைக் காக்க ஒரு செய்தியை மூடினால் அது அகிம்சை. ஆகவே வாய்திறக்கும் முன்பும், வாய்மூடும் முன்பும் இரண்டு வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். நான் மூடுவது எதை? அதனால் காக்கப்படுவது யார்? காக்கப்படுவது நானும் என் ஆதாயமுமே எனில், அம்மூடுதல் ஐயத்துக்கு உரியது.

சியாத்வாதம் மயங்க வைத்தலா?

நம் சமயத்தின் மேலேயே சுமத்தப்படும் ஒரு பழியை இங்கே பேசாது விடுவது முறையாகாது. சியாத்வாதம் எதையும் உறுதியாகக் கூறாமல் குழப்புவது, உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே வாயால் பேசுவது என்று பண்டைக்காலம் முதல் பிற தரிசனத்தார் கண்டித்து வந்துள்ளனர். பிரம்மசூத்திர உரையில் சங்கரரும் இவ்வாறே மறுத்தார். இப்பழி மெய்யாயின், மயங்க வைத்தலைக் குற்றம் என்று பேசும் தகுதி நமக்கு இல்லை.

இப்பழி நிலைத்ததற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். ‘சியாத்’ என்னும் சொல் வடமொழியில் வினைவடிவமாக வரும்போது ‘இருக்கலாம்’ என்னும் பொருள் தரும். அதைக் கொண்டு ஆங்கிலத்தில் ‘ஒருவேளை’ என்று பொருள்படும் சொற்களால் பலர் பெயர்த்தனர். அதனால் ‘ஒருவேளை குடம் உண்டு, ஒருவேளை குடம் இல்லை’ என்று உறுதியற்றவன் பேசும் பேச்சாகச் சியாத்வாதம் காட்சியளித்தது. நம் ஆசிரியர்களோ இவ்விடத்தில் ‘சியாத்’ என்பதை வினையாகக் கொள்ளாமல் இடைச்சொல்லாகக் கொண்டனர். ‘ஒரு வகையால்’, ‘ஒரு நோக்கால்’ என்பதே அதன் பொருள். மண் என்னும் நோக்கால் குடம் உண்டு. பொன் என்னும் நோக்கால் அக்குடம் இல்லை. இதில் ஐயத்துக்கு இடமேது? இவ்விடத்தில் மொழிபெயர்ப்பே ஒரு தத்துவத்தை இருளாக்கிவிட்டது.

சியாத்வாதிக்கும் மயங்க வைப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. எந்நோக்கால் இதைக் கூறுகிறேன் என்பதை முன்னவன் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான். பின்னவன் அதனையே மறைக்கிறான். ‘இந்நிலத்துக்கு வழக்கு ஏதும் இல்லை’ என்று விற்பவன் சொல்கிறான். நீதிமன்றத்தில் வழக்கு இல்லை என்ற நோக்கால் அது மெய்யாக இருக்கலாம். பங்காளிகளுக்குள் பூசல் உண்டு என்பதை அவன் உள்ளூர அறிவான். நோக்கைச் சொல்லியிருந்தால் வாங்குபவர் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். அந்த அடுத்த கேள்வி பிறவாதபடி செய்ததே அவன் குற்றம். எனவே சியாத்வாதம் மயங்க வைத்தலுக்குத் துணைபோவதாகாது. அதற்குச் சரியான மருந்தாகும். ஒவ்வொரு கூற்றுடனும் அதன் எல்லையையும் சேர்த்துக் கூறும் பழக்கமே அம்மருந்து.

ஏடுகளின் மேலிருந்த திரை

பிறருக்கு உபதேசிப்பதோடு நின்றுவிடாமல் நம் சமுதாய வரலாற்றையும் இந்நோக்கில் காண்பது நலம். தரசேனாசாரியரிடம் கேட்டறிந்தவற்றைப் புஷ்பதந்தரும் பூதபலியும் ஏட்டில் எழுதி நிறைவேற்றிய நாளையே சுருத பஞ்சமியாக நாம் கொண்டாடுகிறோம். நினைவாற்றல் குன்றிவரும் காலத்தில் அறிவு மறைந்துபோகக் கூடாது என்ற கருணையே ஷட்கண்டாகமத்தைத் தந்தது. அந்நூலும் வீரசேனாசாரியரின் தவளா உரையும் கர்நாடகத்து மூடபித்ரியில் பனையோலைகளாக நெடுங்காலம் காக்கப்பட்டு வந்தன. அவ்வோலைகள் வழிபடப்பட்டன, வணங்குவோருக்குத் தரிசனம் தரப்பட்டது, ஆனால் கற்பதற்கு எளிதில் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய படியெடுக்கும் பணி பல்லாண்டுகள் நடந்தது. 1939 முதல் ஹீராலால் ஜெயின் அவர்களின் பதிப்பாகத் தவளா 16 தொகுதிகளில் வெளிவரலாயிற்று. வினைகளின் இயல்பை நுணுக்கமாக விளக்கும் நூலே இவ்வாறு மூடிக் கிடந்தது எண்ணத்தக்கது.

மூடபித்ரியில் அவற்றைக் காத்தோரைக் குறைகூறுவது நன்றியன்று. அவர்கள் காவாதிருந்தால் வெளியிட ஓலையே எஞ்சியிராது. காப்பதற்காகப் போர்த்திய போர்வையும், கற்பவரை விலக்கத் தொங்கவிட்ட திரையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். காப்பதன் காலம் முடிந்த பின்னும் போர்வையை நீக்காதிருந்தால், அது திரையாக மாறிவிடும்.

திரை விலக்கியதற்கும் நம்மிடையே சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது சைன மரபுச் சொற்கள் விளங்காமல் இடர்ப்பட்டார். கும்பகோணத்துச் சமணப் பெரியோர்களை நாடிச் சென்றார். அவர் வேற்றுச் சமயத்தவர். ‘இவருக்கு ஏன் சொல்ல வேண்டும்’ என்று அவர்கள் அறிந்ததை அறியேன் என்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் தம் மரபுச் செய்திகளையும் சொற்பொருளையும் விளக்கினர். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. தமிழ்நாடு முழுவதும் திருத்தக்கதேவரைக் கற்றது. அதனை ஐயரவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு பதிவு செய்தார். நிஹ்னவமும் மாத்சர்யமும் இல்லாத உள்ளங்கள் அன்று செய்த சாஸ்திர தானம் அது.

நாம் செய்யத்தக்கவை

வாசக அன்பர்கள் இக்கருத்துகளை அன்றாட வாழ்வில் மேற்கொள்ளச் சில வழிகள் உண்டு. வணிகர் தம் பொருளின் குறையை, வாங்குபவர் கேளாத போதும் சொல்லலாம். கடன் கொடுப்போர் வட்டியும் நிபந்தனையும் கையொப்பமிடுபவருக்கு விளங்கும் மொழியில் எழுதலாம். பொதுப்பணத்தைக் கையாள்வோர் வரவுசெலவை எவரும் படித்தறியும் வகையில் ஆண்டுதோறும் வெளியிடலாம். 2005இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகங்கள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்றும், அவ்வாறு வெளியிடும்போது வட்டார மொழியைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் அரசுக்கு விதித்ததை நாம் நமக்கே விரதமாக விதித்துக்கொள்வதில் தடையென்ன? கற்றறிந்தோர் பிராகிருதத்திலும் வடமொழியிலும் ஓதும் பாடங்களுக்கு, அருகில் அமர்ந்திருக்கும் சிறுவருக்கும் விளங்கும்படி தமிழில் பொருள் சொல்லலாம். பொருள் கேட்கும் பிள்ளையை ‘இதெல்லாம் உனக்குப் புரியாது’ என்று அடக்குவது கூட ஆறனுள் ஒன்றில் போய்ச் சேரக்கூடும்.

எல்லா ஆவரணமும் நீங்கிய நிலையே கேவலஞானம். அந்நிலை நமக்கு நெடுந்தொலைவில் இருக்கலாம். ஆனால் பிறர் முன் நாம் தொங்கவிட்ட திரைகளை விலக்குவது இன்றே நம் கைக்கு எட்டும் செயல். அதில் ஒன்றை விலக்கும்போது நம் உயிரின் மேல் படிந்த இருளும் ஒரு மடிப்பு குறையும். விளங்க வைக்கும் சொல்லே பேசி, வாய்மை என்னும் வேலியைப் பழுதின்றிக் காத்து, அறிவொளி பெருக வாழ முயல்வோமாக!